சதுரங்கமும் மணற்கடிகையும்

நண்பர் நால்வர் ஐவர் ஓர் இல்லத்தில் கூடிப் பொழுதுபோக்காகச் சீட்டாடும்போது ஆட்டத்தின் சுவையைக் கெடுப்பவர் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர் அல்லர்; தாமதிப்பவரே ஆவர். கையிலுள்ள சீட்டுகளை விரிப்பதும் மூடுவதும், கீழே கிடப்பதை நோக்குவதும் கூரையை நோக்குவதுமாக அவர் அமர்ந்திருக்க, ஏனையோர் தேநீரையும் ஊர்ப்பேச்சையும் நாடத் தொடங்குவர். போக்கர் எனும் சீட்டாட்டத்தை ஆடுவோர் இதற்கென இரண்டு கட்டுச் சீட்டுகளை வைத்துக்கொள்வதுண்டு. ஒரு கட்டை ஒருவர் பகிர்ந்துகொண்டிருக்கும்போதே மற்றொரு கட்டை இன்னொருவர் கலைத்து ஆயத்தமாக வைத்துவிடுவார். கைவேலையின் தாமதத்திற்கு அது நல்ல மருந்து. மனத்தின் தயக்கத்திற்கு அம்மருந்து பயன்படாது. சிந்தித்துக்கொண்டிருக்கும் ஒருவரை எவ்வாறு விரைவுபடுத்துவது? அவ்வாறு விரைவுபடுத்தும் உரிமை எதிரில் இருப்பவர்க்கு உண்டா? இவ்வினாக்களோடு மிக நீண்ட காலம் போராடிய விளையாட்டு சதுரங்கமே ஆகும்.

சதுரங்கம் பாரத நாட்டில் தோன்றியது என்பதும், யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையின் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று என்பதும் மாணவர் அறிந்த செய்தி. ஏறத்தாழ கி.பி. ஆறாம் நூற்றாண்டளவில் உருப்பெற்ற அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அராபியரை அடைந்து, சத்ரஞ்சு எனும் பெயரோடு மேலை நாடுகளுக்குப் பயணமாயிற்று. அன்றைய ஆட்டம் இன்றையதைக் காட்டிலும் மிக மந்தமானது. அரசன் அருகில் நின்ற அமைச்சர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகரலாம். யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். அதற்குமேல் அதற்கு ஆற்றல் இல்லை. காலாளுக்கு எப்போதும் ஓர் அடியே. ஆகவே இரு படைகளும் ஒன்றையொன்று அணுகிப் பொருதத் தொடங்குவதற்கே பல நகர்வுகள் கழிந்தன. இதனை உணர்ந்த அராபிய வல்லுநர், தபியா எனப்படும் தொடக்க அணிவகுப்புகளை வகுத்துக்கொண்டனர். அவரவர்க்கு உகந்த அணிவகுப்பில் படையை நிறுத்திவிட்டு, அங்கிருந்தே உண்மையான போரைத் தொடங்குவர். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் புகழ்பெற்று விளங்கிய அஸ்-சூலி போன்றோர் காலத்தில் அவ்வணிவகுப்புகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் வழங்கின. சுவையற்ற பகுதியைச் சுருக்கிச் சுவையுள்ள பகுதிக்கு விரைந்து செல்லும் இம்முறை அறிவுடையோர் கண்ட முறை என்பதில் ஐயமில்லை.

ஐரோப்பியர் கண்ட முதல் வழி அத்தகையதன்று. காஸ்டில் நாட்டு மன்னர் பத்தாம் அல்போன்சோ 1283ஆம் ஆண்டில் நிறைவு செய்வித்த விளையாட்டு நூல், சதுரங்கத்தில் பகடைக்காய் புகுந்த காரணத்தை வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆட்டம் முடிய நெடுநேரம் ஆவதால் ஆடுவோர்க்குச் சலிப்பு ஏற்பட்டது. ஆகவே பகடையைக் கொண்டுவந்தனர் என்பது அதன் கருத்து. பகடையில் விழும் எண்ணே எந்தக் காயை நகர்த்த வேண்டும் என்பதை முடிவு செய்யும். ஆட்டம் விரைந்தது உண்மை. ஆயினும் எந்தக் காயை நகர்த்துவது என்று ஆராய்வதே சதுரங்கத்தின் உயிர். அவ்வுயிரைப் பகடையிடம் ஒப்படைத்துவிட்டால் எஞ்சுவது என்ன? தலைவலிக்குத் தலையையே களைந்த மருத்துவம் இது.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இசுபானியாவிலும் இத்தாலியிலும் நிகழ்ந்த மாற்றமே நிலைத்து நின்ற மாற்றம். ஓரடி நகர்ந்துகொண்டிருந்த அமைச்சர் அரசியாக உருமாறி, எத்திசையிலும் எத்தொலைவும் செல்லும் ஆற்றல் பெற்றார். தாவிக்கொண்டிருந்த யானையின் இடத்தில், மூலைவாட்டு வழி முழுவதும் ஓடும் காய் வந்து நின்றது. காலாள் தன் முதல் நகர்வில் ஈரடி வைக்கும் உரிமையும் நிலைபெற்றது. 1497இல் சலமாங்காவில் வெளிவந்த லுசேனாவின் நூல், பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே காட்டுகின்றது. புதிய ஆட்டத்தின் வேகத்தைக் கண்டு மருண்ட இத்தாலியர் அதனை 'வெறிகொண்ட' ஆட்டம் என்னும் பொருளில் அழைத்தனர். ஆட்டம் பிறந்த பாரத நாட்டில் பழைய நடை இருபதாம் நூற்றாண்டு வரையிலும் பல இடங்களில் தொடர்ந்தது. காலாளுக்கு ஈரடி இல்லாத அம்முறையில் பயின்ற பஞ்சாபியரான மீர் சுல்தான் கான், 1929இல் இலண்டன் சென்று மேலை முறைக்குப் பழகி, அவ்வாண்டிலும் 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் பிரிட்டன் வெற்றியாளர் பட்டத்தை வென்றார் என்பது தனியே எழுதத்தக்க வரலாறு.

காய்கள் விரைந்தன. மனிதர் விரைந்தாரில்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

1834இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சதுரங்கக் கழகத்தில் பிரெஞ்சுக்காரரான லா பூர்டோனேயும் அயர்லாந்துக்காரரான மக்டோனலும் தொடர்ந்து 85 ஆட்டங்கள் ஆடினர். மக்டோனல் ஒரு நகர்வுக்கே ஒரு மணி நேரத்திற்கு மேல் எடுத்துக்கொள்வார் என்றும், எதிரிலிருந்த பிரெஞ்சுக்காரர் தம் பொறுமையின்மையை மறைக்க முயலவில்லை என்றும் கூறுவர். அவர்களுக்கிடையே எந்தக் கால வரம்பும் இல்லை. இருவருமே கனவான்கள் என்னும் நம்பிக்கையே வரம்பாக இருந்தது. நட்புக்காக ஆடும் ஆட்டத்தில் அந்நம்பிக்கை போதும். பணமும் புகழும் நாட்டின் பெயரும் பலகைமீது வந்த பின்னர் அது போதுமா என்பதே கேள்வி.

அக்கேள்வி 1851இல் வெடித்தது. இலண்டன் ஹைட் பூங்காவில் பளிங்கு மாளிகை எழுப்பி உலகப் பெருங்கண்காட்சி நடத்தப்பட்ட ஆண்டு அது. அதனையொட்டி ஹோவர்ட் ஸ்டான்டன் என்பார் உலகின் முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியைக் கூட்டினார். பள்ளிக் கழகங்களில் இன்று மாணவர் கையாளும் காய்களின் வடிவத்திற்கு அவர் பெயரே வழங்குகின்றது. பின்னாளில் சேக்சுபியரின் நாடகங்களைப் பதிப்பித்தவரும் அவரே. 1843இல் பாரிசில் சேன்ட் அமாந்தை வென்றதன் பின்னர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்பட்ட அவர், தாம் கூட்டிய போட்டியில் தாமே வெல்வார் என எதிர்பார்த்தோர் பலர். பதினாறு பேர் இருவர் இருவராகப் பொருதிய அப்போட்டியில் நடந்தது வேறு. பிரெஸ்லாவ் நகரின் உயர்நிலைப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அடால்ஃப் ஆண்டர்சன் எனும் செர்மானிய ஆசிரியர் ஸ்டான்டனை வீழ்த்தி, முதற்பரிசையும் கைப்பற்றினார். மூன்றாம் இடத்திற்கான போட்டியிலேனும் பெயரை மீட்கலாம் என்றிருந்த ஸ்டான்டன் அங்கும் தோற்றார். தோற்கடித்தவர் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த மருந்து வணிகரான எலைஜா வில்லியம்ஸ்.

வில்லியம்ஸ் மெதுவாக ஆடுபவர். மிக மிக மெதுவாக ஆடுபவர். ஒரு நகர்வுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் பற்றிப் பின்னாளில் பெருகிய கதைகள் பல. அவற்றுள் எவை மெய், எவை மிகை எனப் பிரித்தறிவது அரிது. ஆயினும் அவருடைய தாமதத்தைக் குறித்து ஸ்டான்டன் 1852இல் வெளியிட்ட போட்டி நூலிலேயே கடுஞ்சினத்தோடு எழுதியுள்ளார். எதிரியைச் சோர்வடையச் செய்து வெல்வது ஆட்டத் திறன் ஆகாது என்பது அவர் வாதம். அதே 1851இல் இருவரும் மீண்டும் தனிப்போட்டி ஒன்றில் மோதினர். முதலில் ஏழு வெற்றி பெறுபவர் வென்றவர். தம் மேன்மையில் ஐயமில்லாத ஸ்டான்டன், மூன்று வெற்றிகளை வில்லியம்சுக்கு முன்கூட்டியே விட்டுக்கொடுத்தார். ஆட்டங்களில் ஸ்டான்டன் ஆறும் வில்லியம்ஸ் நான்கும் வென்றனர். முன்பெற்ற மூன்றையும் சேர்த்து வில்லியம்ஸ் ஏழை எட்டிவிட்டார்! ஸ்டான்டனின் சினம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் வரலாற்றை நடுநிலையோடு நோக்குவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வில்லியம்ஸ் மீறிய விதி எது? இத்தனை நிமிடத்திற்குள் நகர்த்த வேண்டும் என எவரும் எழுதி வைக்கவில்லை. போட்டியைக் கூட்டி விதிகளுக்குப் பொறுப்பேற்றவர் ஸ்டான்டனே அல்லவா? விதி செய்யத் தவறியவர், விதிக்குள் நின்று வென்றவரைக் குற்றம் சாட்டுகின்றார். தோல்வியுற்றவர் கையில் எழுதுகோலும் இருந்தமையால், வில்லியம்ஸ் என்றதும் மந்தமானவர் என்னும் சொல் மட்டுமே நிலைத்துவிட்டது. ஸ்டான்டனையும் ஏனையோரையும் எதிர்த்து மூன்றாம் இடத்தைப் பிடித்த திறனை நினைப்பார் இல்லை. தம் பக்கத்துச் செய்தியை நிலைநாட்ட அவருக்குக் காலமும் வாய்க்கவில்லை. 1854இல் இலண்டனில் பரவிய கொடிய வாந்திபேதி நோய்க்கு அவர் பலியானார்.

ஸ்டான்டனின் சினத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தேர்வு மண்டபத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ஒரு மாணவன் நெடுநேரம் சிந்தித்தால் இழப்பு அவனுக்கே. அடுத்த மேசைக்காரனின் நேரத்தை அவன் எடுத்துக்கொள்வதில்லை. சதுரங்கப் பலகையில் அவ்வாறன்று. ஒருவர் சிந்திக்கும் ஒவ்வொரு நிமிடமும் மற்றவர் வாழ்நாளிலிருந்து கழிகின்றது. அவர் எழுந்து போகவும் முடியாது. ஒருவர் செலவு செய்ய, இருவர் கணக்கிலும் பற்று எழுதப்படும் இந்நிலை முறையாகுமா? இருவரின் காலத்தையும் வெவ்வேறாக அளந்தாலன்றி இவ்வழக்கு தீராது என்பதை அறிஞர் மெல்ல உணரலாயினர்.

1861ஆம் ஆண்டு இலண்டனில் அவ்வாசிரியர் ஆண்டர்சனும், பின்னாளில் வங்கித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிப் பிரபுப் பட்டமும் பெற்ற இக்னாட்ஸ் கோலிஷும் ஆடிய போட்டியில் மணற்கடிகை மேசைக்கு வந்தது. இருவர்க்கும் ஆளுக்கொரு கடிகை. இரண்டு மணி நேரத்திற்குள் 24 நகர்வுகள் என்பது வரம்பு. தம் முறை வந்தபோது தம் கடிகையை நிமிர்த்தி மணலை ஒழுக விடவேண்டும். நகர்த்தி முடித்ததும் அதனைக் கிடையாகச் சாய்த்து மணலை நிறுத்த வேண்டும். முல்லைப்பாட்டுக் காட்டும் பாசறையில் நீர்க்கன்னல் கொண்டு பொழுதளந்து மன்னனுக்கு அறிவித்தோரைத் தமிழ் மாணவர் அறிவர். அவர்கள் அளந்தது அனைவர்க்கும் பொதுவான பொழுது. இங்கே அளக்கப்பட்டதோ ஒவ்வொருவர்க்கும் உரிய தனிப்பொழுது. கருவி எளிது, கருத்து புதிது. ஒரே நகர்வில் முக்கால் மணி நேரம் ஆழ விரும்புபவர் ஆழலாம். அவர் மற்றொரு நகர்வில் அதனை ஈடு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவே. நகர்வுக்கு இத்தனை நிமிடம் எனக் கட்டாயப்படுத்தாமல் பல நகர்வுகளுக்குச் சேர்த்துக் காலம் வழங்கிய இந்நுட்பமே இம்முறையின் சிறப்பு. சிந்தனை தடுக்கப்படவில்லை, அதன் செலவு மட்டும் உரியவர் கணக்கில் ஏறிற்று.

மணற்கடிகையின் குறைகள் விரைவில் வெளிப்பட்டன. பதற்றத்தில் அதனைத் தவறாகத் திருப்பிவிட்டால் அதுவரை கழிந்த காலக் கணக்கே குழம்பிவிடும். எஞ்சியது எத்தனை நிமிடம் என மணற்குவியலைப் பார்த்துத் துல்லியமாகச் சொல்லவும் இயலாது. 1866இல் ஆண்டர்சனுக்கும் ஸ்டைனிட்சுக்கும் இடையே நடந்த போட்டியில் கடிகாரங்கள் பயன்பட்டன. 14 ஆட்டங்களில் எட்டை ஸ்டைனிட்ஸ் வென்றார்; ஒன்றுகூடச் சமநிலையில் முடியவில்லை. காலம் கடந்தவரை என்ன செய்வது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. 1867இல் பாரிசில் நடந்த போட்டியில் அவரிடமிருந்து தண்டப்பணம் வாங்கினர். செல்வர்க்கு இது தண்டனையாகுமா? பணம் உள்ளவர் காலத்தை விலைக்கு வாங்க வழி செய்த அம்முறை வழக்கொழிந்ததில் வியப்பில்லை. காலம் கடந்தால் ஆட்டமே தோல்வி என்னும் கடுமையான விதி நாளடைவில் வேரூன்றிற்று.

1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில், மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் என்பார் வகுத்த இரட்டைக் கடிகாரம் வந்தது. ஊஞ்சற்பலகைபோல் ஏறி இறங்கும் ஒரு சட்டத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கடிகாரம். நகர்த்தி முடித்தவர் தம் பக்கத்தை அழுத்தினால் அவர் கடிகாரம் சாய்ந்து நிற்கும்; எதிரியின் கடிகாரம் நிமிர்ந்து ஓடும். இரண்டும் ஒருங்கே ஓடுவதற்கோ ஒருவர் நிறுத்த மறந்து மற்றவர் தொடங்குவதற்கோ இடமில்லை. சிறுவர் ஏறி விளையாடும் ஏற்றப்பலகையிலிருந்து ஒரு நீதிக்கருவி பிறந்தது எனலாம். அப்போட்டியில் சுகெர்ட்டோர்ட் முதலிடமும் ஸ்டைனிட்ஸ் இரண்டாமிடமும் பெற்றனர். சாயும் சட்டம் நீங்கி அழுத்து பொத்தான்கள் வந்ததும், முள் பன்னிரண்டை எட்டும்போது தூக்கி விழவிடும் சிறு கொடி சேர்ந்ததும் பின்னர் நிகழ்ந்தவை. கொடி விழுந்ததா இல்லையா என்பதில் வாதத்திற்கு இடமில்லை அல்லவா?

நீதி கிடைத்தது. அதனோடு புதியதோர் அச்சமும் பிறந்தது. கடைசி நிமிடங்களில் பலகையை நோக்குவதா, கொடியை நோக்குவதா எனத் தடுமாறும் நிலை முன்னில்லாத ஒன்று. செர்மானியரான ஃபிரீட்ரிக் சேமிஷ் இதற்கு இரங்கத்தக்க சான்று. நூற்கட்டுத் தொழிலை விட்டுச் சதுரங்கத்திற்கு வந்த அவர், 1929இல் முன்னாள் உலக வெற்றியாளரான காப்பபிளாங்காவையே கார்ல்ஸ்பாதில் வென்றவர். விரைவாட்டத்தில் அவர் வல்லவர் என்பது வியப்பு. ஆயினும் நெடிய ஆட்டத்தில் தொடக்கத்திலேயே காலத்தை எல்லாம் செலவழித்துவிடுவார். எழுபது வயதைக் கடந்த பின்னர், 1969இல் சுவீடனின் லிங்ஷெப்பிங் நகரில் ஆடிய 13 ஆட்டங்களையும் காலம் கடந்தே இழந்தார். அவர் முடிவு காணாது ஏங்கிய நிலைகள் எல்லாம் தோல்வி நிலைகளா என்றால் அல்ல. ஐந்து நிமிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்திற்குள் ஆடி முடிக்க வல்லவர், இரண்டு மணி நேரம் கொடுத்தால் ஏன் தத்தளிக்கின்றார்? காலம் மிகுதியாக இருப்பதே சிலர்க்குச் சுமையாகின்றது போலும். மாணவரைக் கவனித்த ஆசிரியர்க்கு இது முற்றிலும் புதிய காட்சியாக இராது.

பொழுதுபோக்காக ஆடுவோர் இதே கருவிகளை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டனர். அமெரிக்கக் கழகங்களில் பத்து வினாடிக்கு ஒருமுறை நடுவர் மணியடிக்க, அடித்தவுடன் நகர்த்தியே தீரவேண்டும் என்னும் ஆட்டம் பரவிற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம் எனும் மின்னல் ஆட்டமும் பெருகியது. 1970இல் அன்றைய யூகோசுலாவியாவின் ஹெர்செக் நோவி நகரில் வல்லுநர் பன்னிருவர் கூடி ஆடிய அத்தகைய போட்டியில் அமெரிக்கரான பாபி ஃபிஷர் 22 ஆட்டங்களில் 19 புள்ளிகள் எடுத்தார். விரைவில் அவரை வெல்வார் இல்லை என்பது விளங்கிற்று. அவரே 1988இல் கடிகாரத்தின் கொடுமைக்கு மாற்றுக் கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஒவ்வொரு நகர்வு முடிந்ததும் சில வினாடிகளைக் கடிகாரமே திரும்பக் கூட்டித்தரும் முறை அது. வென்ற நிலையில் இருப்பவர், கையை நீட்டக் காலமில்லாமல் தோற்க வேண்டியதில்லை. 1992இல் ஸ்பாஸ்கியோடு அவர் மீண்டும் ஆடியபோது அக்கடிகாரம் பயன்பட்டது. பழைய முள் கடிகாரத்தால் இதனைச் செய்ய முடியாது. மின்னணுக் கடிகாரம் வந்ததால் இயன்றது.

தமிழர் இவ்வரலாற்றில் தாமதமாகவே நுழைந்தனர். நுழைந்தபோது விரைவோடு நுழைந்தனர். 1961இல் இந்தியாவின் முதல் பன்னாட்டு வல்லுநர் பட்டம் பெற்ற மேனுவல் ஏரன், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் அமைய வழிவகுத்தார். அங்கே பலகைகள் குறைவு, வருவோர் மிகுதி. மின்னல் ஆட்டத்தில் வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் பின்னால் நிற்பார். எழாமல் இருக்க வேண்டுமெனில் விரைவாகவும் வெல்ல வேண்டும், சரியாகவும் வெல்ல வேண்டும். அக்கழகத்தில் பழகிய சிறுவர் விசுவநாதன் ஆனந்த், 1987இல் உலக இளையோர் வெற்றியாளரானார். பின்னர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற அவர், தம் 48ஆம் வயதில், 2017இல், உலக விரைவாட்டப் பட்டத்தையும் மீண்டும் வென்றார்.

2024 நவம்பர், டிசம்பர் திங்கள்களில் சிங்கப்பூர் செந்தோசாத் தீவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் மோதினர். முதல் 40 நகர்வுகளுக்கு ஆளுக்கு 120 நிமிடம்; அதன்பின் எஞ்சிய ஆட்டத்திற்கு 30 நிமிடம்; 41ஆம் நகர்விலிருந்து நகர்வு ஒன்றுக்கு 30 வினாடி கூடும். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமநிலையில் இருந்தனர். டிசம்பர் 12ஆம் நாள் நடந்த பதினான்காம் ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றுகொண்டிருக்க, 55ஆம் நகர்வில் டிங் ஒரு காயைப் பிழையான கட்டத்தில் வைத்தார். 58ஆம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கில் குகேஷ் வென்றார். அப்போது இருவர் கடிகாரத்திலும் காலம் எஞ்சியிருந்தது.